அண்ணியின் தலைக்குக் கஞ்சி போட்ட கதை

கெமிஸ்ட்ரியில் பாஸ் பண்ணுவதும் கெமிஸ்ட்ரி தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. பி.யு.சி. முடித்த கையோடு இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் என் அண்ணியின் தலை தப்பித்திருக்கும். (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்கிருந்த வாய்க்கு, சொன்னவருக்கே பாடம் எடுத்திருப்பேன்.)

எழுபதுகளின் தொடக்கம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அண்ணன். விடிந்தால் தறிச் சத்தம், பொழுது அடைந்தால் சோறும் தூக்கமும். தறியில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வாய் இருப்பதே மறந்துபோகும். அம்மாவும் நூல் சுற்ற உட்கார்ந்தால் அப்படித்தான். அந்த வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து மருமகளாக வந்தாள் சரோஜா அண்ணி. ரேடியோவும் அரட்டையுமாக வளர்ந்த பெண். எங்கள் வீட்டில் வந்து கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

போதாக்குறைக்குச் சீயக்காய் வேறு. பிறந்த வீட்டில் அவளுக்கு ஷாம்பு போட்டுத்தான் பழக்கம். இங்கே முதல் தடவை தலைக்குக் குளித்துவிட்டு, கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து வெளியே வந்தாள். மருமகள் குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அதை அண்ணனிடமும் சொன்னாள். அவன் அன்று முழுக்கத் தறியில் உட்கார்ந்தபடியே இருந்தான், சேலை மட்டும் வளரவில்லை.

இந்த நிலைமையில் ஆடி நெருங்கியது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டார் அழைத்துப் போவார்கள், ஆவணி பிறந்ததும் திரும்பி வருவாள். வருவாள் என்பது நம்பிக்கை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஆடிக்குப் போன ஒருத்தி பொங்கலுக்கும் திரும்பவில்லை. அந்தக் கதையை அம்மா அந்த மாதத்தில் எத்தனை தடவை சொன்னாள் என்று எனக்கே கணக்கில்லை.

ஒரு நாள் அடுக்களையில் அண்ணன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அவளுக்கு இங்க புடிக்கல போலக்குதுமா. போனா வருவாளோ, மாட்டாளோ."

அண்ணன் அப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை. உடனே, இந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆளில்லை என்ற முடிவுக்கு வந்தேன். அண்ணிக்கு என்ன குறை? ஷாம்பு இல்லை. எனக்கு என்ன தெரியும்? கெமிஸ்ட்ரி. அப்புறம் என்ன?

கண் எரிகிறது என்பதால் சீயக்காயை முதலிலேயே தள்ளுபடி செய்தேன். நுரைக்குப் பூந்திக்கொட்டை. (அது கண்ணில் பட்டால் சீயக்காய் தேவலாம் என்று தோன்றும். எனக்குத் தெரியாது.) வழுவழுப்புக்கு ஊறவைத்து அரைத்த வெந்தயமும் செம்பருத்தி இலையும். வாசனைக்கு வெட்டிவேர். எல்லாவற்றையும் கொதிக்கவிட்டு வடிகட்டினால் பழுப்பாக, ரசம் மாதிரி ஏதோ வந்தது. நுரையும் நிற்கவில்லை. துவைக்கிற சோப்பைச் சீவிப் போட்டேன். நுரை நின்றது. மினுமினுப்புக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். நுரை உட்கார்ந்துவிட்டது, மேலே வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தது. சோப்பில் எலுமிச்சை விழுந்தால் திரிந்துபோய்ப் பிசுக்காகிவிடும் என்று பாடத்திலேயே இருந்தது. பரீட்சைக்கு வராது என்று நான் விட்டுவிட்ட பாடம் அது.

மிச்சம் இருந்த குறை ஒன்றே ஒன்று. ஷாம்பு என்றால் கெட்டியாக, மெதுவாக ஒழுக வேண்டும். என்னுடையது தண்ணீராக ஓடியது.

கொல்லையில் அப்பா காய்ச்சி வைத்திருந்த கஞ்சிப் பானை கண்ணில் பட்டது. பாவுக்கு, அதாவது தறியில் ஏற்றுகிற நெடுக்கு நூலுக்குப் போடுகிற கஞ்சி. பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவிப் பிரஷ்ஷால் நீவிக் காயவிட்டால் ஒவ்வொரு இழையும் விறைப்பாக, மினுமினுவென்று தனித்தனியாக நிற்கும். பட்டுக்கு இவ்வளவு செய்கிற கஞ்சி முடிக்கு எவ்வளவு செய்யும்? ஒரு சொம்பு மொண்டு ஊற்றிக் கிளறினேன். கெட்டியாக, மெதுவாக ஒழுகியது. எனக்கே என் அறிவை நினைத்துப் பயமாக இருந்தது.

அண்ணியின் அப்பா மறுநாள் மதியம் வந்து, இரவு தங்கி, அதற்கடுத்த நாள் அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவர் வருகிற அன்று காலையிலேயே அண்ணியை மணையில் உட்காரவைத்தேன்.

"கண்ணு எரியாதே மல்லிகா?"

"எரியவே எரியாது அண்ணி. நானே செஞ்சது."

அந்த இடுப்பளவு முடியில் சொம்பு முழுவதையும் கொட்டித் தேய்த்தேன். பெயருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, கொல்லை வெயிலில் காயவைத்தேன். (பாவை அப்படித்தான் காயவைப்பார்கள்.) கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அண்ணியின் முதுகில் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. தட்டினால் சத்தம் வரும் போலிருந்தது. சீப்பு உள்ளே போகவில்லை. தண்ணீர் ஊற்றினேன், பலகை பிசினாயிற்று. இன்னும் ஊற்றினேன், என் விரல்களும் ஒட்டிக்கொண்டன. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அம்மா வந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு கௌரம்மா தன் இரண்டு மகள்களோடு ஓடிவந்தாள்.

"அய்யோ ராமா. கத்தரிச்சிட வேண்டியதுதான், வேற வழியில்ல."

கத்தரிப்பதா? கல்யாணமாகி மூன்று மாதம் ஆகாத பெண்ணை, முடியைக் கத்தரித்துத் தாய்வீட்டுக்கு அனுப்பினால் ஆவணி ஏது, பொங்கல் ஏது? அண்ணன் தறியை விட்டு இறங்கிக் கதவோரம் வந்து நின்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடைசியாக அப்பா வந்தார். என் கையிலிருந்த சொம்பை வாங்கி, அடியில் மிச்சமிருந்ததை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நம்ம கஞ்சியா?"

"ஆமாம்பா."

"எண்ணெ ஊத்துனியா?"

"இல்லப்பா."

"எண்ணெ ஊத்தாம எவனாச்சும் கஞ்சி போடுவானா? ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காது?"

மருமகள் தலையில் கஞ்சியைக் கொட்டியது அவருக்குக் குற்றமாகப் படவில்லை. தொழிலைச் சரியாகச் செய்யாததுதான் குற்றம். அப்புறம் கௌரம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"கத்தரி எதுக்குமா? பாவு ஒட்டிக்கினா அறுத்தா போட்டுடறோம்? தெருவுக்கு இட்டுனு போய் வெளிச்சத்துல பிரிங்க."

தெருவில் முக்காலி போட்டு அண்ணியை உட்காரவைத்தார்கள். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சினார்கள். அம்மா ஒரு பிரி, கௌரம்மா ஒரு பிரி, அவள் மகள்கள் ஆளுக்கொரு பிரி என்று நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்து, எண்ணெய் விட்டு, இழை இழையாகப் பிரித்தார்கள். வாசலில் நின்றபடி அப்பா, "நுனியிலேர்ந்து வாங்க, வேரை இழுக்காதீங்க" என்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கிண்ணம் பிடிப்பதைத் தவிர எனக்கு வேறு உத்தியோகம் கொடுக்கவில்லை.

கை வேலை செய்ய, வாய் என்னைப் பிடித்துக்கொண்டது.

"இவ சின்னதுல பூனைக்குப் பவுடர் போட்டுக் குளிப்பாட்டினவதானே" என்றாள் கௌரம்மா. "அந்தப் பூன இந்தத் தெருவையே உட்டுட்டுப் போச்சு."

அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "நானும் ஒரு தடவ எங்கப்பா வேட்டிக்கு நீலம் போடறேன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நீலமாகிப்போன வேட்டியோடு அவள் அப்பா ஆபீஸ் போன கதையைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வந்த நாளாக இந்தப் பெண்ணை இப்படி நடுவில் உட்காரவைத்து யாரும் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு இல்லாமல் போனது ஷாம்பு அல்ல.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா, ஒரு கையில் குடையும் ஒரு கையில் பலகாரப் பையுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். நான்கு பெண்கள் நான்கு பக்கம் அவள் முடியை இழுத்துப் பிடித்திருப்பதையும் பார்த்தார். குடை கீழே விழுந்தது.

"சரோஜா, என்னம்மா பண்றாங்க உன்னை?"

பிடித்திருந்தவர்களுக்கு முடியை விடவும் முடியாது, கையெடுத்துக் கும்பிடவும் முடியாது. அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. கதவோரம் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அண்ணி தலையைத் திருப்ப முடியாமல் நேராகப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒண்ணுமில்லப்பா, நம்ம வீட்ல பாவு பிரிக்கறாங்க. நடுவுல நிக்காதீங்க, ஓரமா போங்க."

தெருவில் பாவு இழுத்திருக்கும்போது குறுக்கே வருகிறவர்களிடம் எங்கள் ஆட்கள் சொல்வது அது. ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறாள். அண்ணன் சட்டென்று உள்ளே போய்விட்டான். மறு நிமிஷம் தறிச் சத்தம் கேட்டது, அதுவும் ஓட்டமாக. எனக்கு உடம்பெல்லாம் லேசாகி, கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பாதி தெருவில் கொட்டினேன்.

மாலைக்குள் முடி முழுசாகப் பிரிந்துவிட்டது. போனது ஒரு கைப்பிடிதான். பிசுக்குப் போகக் கடைசியில் சீயக்காய்தான் தேய்க்க வேண்டியிருந்தது. கண் எரிகிறது என்று அண்ணி வீடே அதிரக் கத்தினாள். அவள் சத்தம் அத்தனை சந்தோஷமாக இருந்தது.

ஆவணி பிறந்ததும் அண்ணன் போய் அழைத்து வந்தான். பஸ்ஸிலிருந்து அவள் இறங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அன்றிலிருந்து அவள் பேச்சு நிற்கவில்லை. இந்தப் பேச்சில் இழை அறுகிறதென்று அப்பா அலுத்துக்கொள்வார்.

அண்ணிக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. நான் அந்த வீட்டுக்குப் போய் அடுப்படியில் எதையாவது கிளறிக்கொண்டிருந்தால், கரண்டியை எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்காமல் தட்டை எடுக்க மாட்டாள். இப்போது அவள் பேரப்பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள்.

"இது வாய்க்கா, தலைக்கா?"