மஞ்சக்குட்டை சாலை வீடு: விலை நிலவரம்

ஏற்காடு,
22 நவம்பர் 1987

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

பாலு வணங்கி எழுதுவது. உங்கள் சர்க்கரையும் அத்தையின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். வீடு அப்படி இல்லை. விவரம் கீழே.

என் போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது என்று கடிந்துகொண்டீர்கள். 'ஆள் வந்தார். பார்த்தார். மழை.' என்று முடித்திருந்தேன். எம்.ஏ. படிக்கும்போது புதுக்கவிதையிலிருந்து ஒட்டிக்கொண்ட நோய் அது. இந்த முறை நீளமாக எழுதுகிறேன். நீங்கள் கேட்ட நில விலை நிலவரம், ஊர்ச் செய்தி, வீடு விற்காமல் போன கதை எல்லாம் இதில் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு விற்றால் நான் கீழே சேலத்துக்கு இறங்கி, உங்கள் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையில் கொலுசுகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. எனக்கு அதில் விருப்பம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இங்கே இரண்டு வருடத்தில் பதினொரு கவிதை எழுதியிருக்கிறேன். நான்கு தேறும். அதனால் விற்பனையை நான்தான் கெடுத்தேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்ற வேண்டாம். உங்கள் இரண்டு கடிதங்களில் இருந்ததை மட்டுமே செய்தேன்.

நிலவரம். போன வருடம் வரை இந்த மலையில் நிலத்தை ஏக்கரில் சொன்னார்கள். இப்போது காட்சியில் சொல்கிறார்கள். ஏரி தெரிந்தால் ஒரு விலை. இரவில் சேலத்து விளக்குகள் தெரிந்தால் அதற்கும் மேல். நீங்கள் மாதாமாதம் பணம் கட்டி எரிக்கும் விளக்குக்கு இங்கே ஒருவர் விலை வாங்குகிறார். ஒன்றுமே தெரியாமல் பனிமூட்டம் மட்டும் இருந்தால் எல்லாவற்றையும்விட அதிகம். புரோக்கர் பொன்னுவேல் முன்பெல்லாம் பனி விலகிய பிறகு, பத்து மணிக்குமேல்தான் ஆட்களைக் கூட்டிப்போவார். இப்போது ஏழு மணிக்கே போகிறார். "ஒண்ணும் தெரியாதப்பக் காட்டோணுமுங்க தம்பி. தெரிஞ்சா எல்லையக் கேப்பாங்க, கெணத்தக் கேப்பாங்க. தெரியாட்டி, ஆகா அப்படிம்பாங்க" என்றார்.

ஊர்ச் செய்தி ஒன்றுதான். செம்மநத்தம் அங்கப்பன் ஆட்டுக்கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து 'கிளவுட் காட்டேஜ்' என்று பலகை மாட்டினார். ஆடுகள் வெளியே நிற்கின்றன. பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் உள்ளே இருக்கிறது.

இனி நம் வீடு. இந்த மாதம் ஒன்பதாம் தேதி பொன்னுவேல் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். மாரிசாமி, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மெட்ராஸ் பெரம்பூர். மனைவி ராஜேஸ்வரி. உங்கள் முதல் கடிதம் மேசைமேல் இருந்தது. 'குறை எதையும் மறைக்காதே, நாளைக்குக் கோர்ட்டு கேஸ் என்று நான் அலைய முடியாது' என்று கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். மறைக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து வரிசையாகச் சொன்னேன். ஓடு ஏழு இடத்தில் ஒழுகும், அதில் இரண்டு கட்டிலுக்கு நேர் மேலே, உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும், தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துச் சூடுபடுத்தினால்தான் பற்றும், ஐப்பசி கார்த்திகையில் துவைத்த வேட்டி தை மாதம் காயும், புல்லில் நடந்தால் அட்டைப்பூச்சி ஏறும், மூட்டம் இறங்கினால் வாசலில் நிற்கும் ஆள் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், எனக்குக் கடன்காரர் யாரும் இல்லாததால் அதில் பெரிய சிரமம் இல்லை, அவர்களுக்கு எப்படியோ தெரியாது என்றேன்.

பொன்னுவேல் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை.

ராஜேஸ்வரி அம்மாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "தண்ணி தானா வீட்டுக்குள்ள வருதா?" என்று கேட்டார்.

"ஏழு இடத்தில், அம்மா."

கணவரைப் பார்த்தார். "கேட்டீங்களா. எங்க தெருவுல லாரிக்கு நாலு நாள் குடத்த வரிசையில வச்சுட்டு நிக்கிறேன். இங்க கட்டில் மேலயே வருதாம்."

மெட்ராஸில் இந்த வருடம் தண்ணீர் இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பத்திரிகையில் படித்திருந்தேன். ஆனால் படித்ததை நம் ஓட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

மாரிசாமி எழுந்து சுவரைத் தொட்டார். விரல் ஈரமாயிற்று. "அசல், தம்பி. எல்லாமே அசல்" என்றார். நீங்கள் நினைத்திருந்த ஒன்றரை லட்சத்தைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

அன்றைக்கே இறங்கியிருப்பார்கள். மதியம் மலைப்பாதையில் மண் சரிந்தது. இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் மரம் விழுந்தது. மூன்று நாள் பஸ் இல்லை, பால் இல்லை, கரண்ட் இல்லை. ஏற்காடு தீவாகிவிட்டது, சுற்றிலும் கடலுக்குப் பதில் சேலம் ஜில்லா. லாட்ஜ்களில் இடம் இல்லாததால் இருவரும் நம் வீட்டிலேயே தங்கினார்கள். நல்லதுதான் என்று நினைத்தேன். நான் சொன்னதை நம்பாதவர்கள் அனுபவித்தாவது நம்புவார்கள். கட்டில் நனைந்தது. குடை பிடித்துக்கொண்டு படுத்தார்கள். இரண்டாம் நாள் மாரிசாமியின் கெண்டைக்காலில் அட்டை ஏறி, வெள்ளை வேட்டி சிவப்பாயிற்று. வலிக்கவே இல்லை என்று வியந்தார். உப்பு போட்டால் விழும் என்றேன். உப்புதான் இல்லையே என்று இருவரும் சிரித்தார்கள். அப்படி ஒற்றுமையாகச் சிரித்த தம்பதியை நான் பார்த்ததில்லை.

அந்த மூன்று நாளும் எங்களுக்குச் சோறு போட்டவர் பாவாயி அக்கா. பின்பக்கத்துக் காப்பியையும் மிளகையும் குத்தகைக்குப் பார்க்கிறாரே, மஞ்சக்குட்டைக்காரர், அவர்தான். ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்தார். தொகையைக் கேள்விப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்கம்மா, ஒழுகற ஊட்டுக்கா அவ்வளவு? எங்க மாட்டுக்கொட்டாயி ஒழுகறதில்லீங்க. வந்து பாக்கறீங்களா?"

ராஜேஸ்வரி அம்மாள் யோசித்தார். "ஒழுகலன்னா உள்ள ஈரமே இருக்காதேம்மா."

பாவாயி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சாமி, இந்தம்மாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா பாருங்க" என்றார்.

காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் மாலை மாரிசாமி தாமாகவே தொகையை ஒன்றே முக்கால் ஆக்கினார். கூரை ஓடுகளை மாற்றக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. அன்று இரவு நான் பெட்டியை எடுத்துத் துடைத்தேன். உள்ளே பூஞ்சை. அதில் துணியை அடுக்குவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை பாதை திறந்தது. முதல் பஸ்ஸில் தபால் வந்தது. அதில் உங்கள் இரண்டாவது கடிதம். 'குறையைச் சொல்லச் சொன்னேன் என்பதற்காகக் குறையை மட்டும் சொல்லித் தொலைக்காதே. நல்லதை எடுத்துச் சொல். காய்ந்த வீடு, வசதியான இடம் என்று நான்கு வார்த்தை சேர்த்துச் சொன்னால்தான் ஆள் நிற்பான்.' மாரிசாமி அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்துகொண்டிருந்தார். பெரியவர் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கம் இல்லை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

அடிப்படையில் இது காய்ந்த வீடு என்றேன். இந்த வருடம்தான் மழை இப்படி, அடுத்த வருடம் சொட்டு விழாது, மாமா எப்படியும் மேலே கான்கிரீட் போட்டுக் கொடுத்துவிடுவார், வாசலிலேயே பஸ் நிற்கப் போகிறது, ஹாரன் சத்தம் படுக்கையறை வரை கேட்கும், எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய வேலை இல்லை, எதிரில் ஓட்டல் கட்டப் போகிறார்கள், பெரிய ஜெனரேட்டர் வைப்பார்கள், மூட்டம் வருடா வருடம் குறைகிறது, இன்னும் நாலைந்து வருடத்தில் பெரம்பூரில் இருப்பதுபோலவே இருக்கும் என்றேன். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நான்கு வார்த்தை என்று நீங்கள் சொன்னதை நான் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாரிசாமி பையை மூடினார். முகத்தில் கோபம் இல்லை. வருத்தம்தான்.

"இவ்வளவையும் மூணு நாளா எங்கிட்ட ஏன் தம்பி மறைச்சீங்க?"

பத்தரை மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். ராஜேஸ்வரி அம்மாள் ஏறும்போது ஒருமுறை நம் கூரையைத் திரும்பிப் பார்த்தார்.

பஸ் போனதும் பொன்னுவேல் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "குத்தத்த மறச்சு வித்தவனப் பாத்திருக்கறனுங்க. நல்லதச் சொல்லி யாவாரத்தக் கெடுத்தவரு, எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தருதானுங்க. ஒங்க மாமன் ஊட்டுக்கு இனி ஆளுக் கூட்டியாற எனக்குத் தெம்பில்லீங்க." அதற்குப் பிறகு பத்து நாளாக யாரும் வரவில்லை.

ஆகவே என் சிபாரிசு. சந்தை விழுந்துவிட்டது. குறைந்தபட்சம் நம் வாசலில் விழுந்துவிட்டது. அவசரப்பட்டு விற்க வேண்டாம். இரண்டு மூன்று வருடம் பொறுப்போம். ஆள் இல்லாத வீடு சீக்கிரம் பாழாகும், ஆகவே நான் தொடர்ந்து இங்கேயே இருப்பது வீட்டுக்கு நல்லது. கடையில் கொலுசு எடுத்துக் காட்ட என்னைவிடக் கெட்டிக்காரர்கள் சேலத்தில் நிறைய. நீங்கள் நேரில் வந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தக் குளிர் உங்களுக்கு ஆகாது.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலுக்கு இங்கே கிடைக்கும் யூகலிப்டஸ் தைலம் ஒரு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பெரியவர்கள் இருவரும் இருந்த இடத்திலிருந்தே ஆசீர்வதித்தால் போதும், எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்குப் பணிவுள்ள,
பாலு

பி.கு: உறைக்குப் பசை தடவும்போது பாவாயி அக்கா வந்தார்.

"மாமனுக்குத்தான எழுதறீங்க? இதையுஞ் சேத்து எழுதிப்போடுங்க சாமி. ஒண்ணே முக்காலுக்கு நானே எடுத்துக்கறேன்."

மிளகு விலை இரண்டு வருடமாக எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கிறது. நிலவரத்தில் அதை நான் எழுதவில்லை. அக்கா சொல்லும்வரை எனக்குத் தெரியாது. நம் சில்வர் ஓக் மரங்களில் ஏறும் கொடியைத் தினமும் பார்க்கிறேன். அதைப் பற்றிக் கவிதைகூட ஒன்று உண்டு. தேறாத ஏழில் ஒன்று.

அவரிடம் வீட்டின் குறையைச் சொல்வதா, நிறையைச் சொல்வதா என்று குழம்பினேன். இரண்டுமே அவருக்குத் தெரியும். ஒழுகுமே அக்கா என்று மட்டும் இழுத்தேன்.

"ஒழுகினா என்னுங்க? பிரிச்சுப்போடற ஊடுதான."

"பிரிக்கப் போறீங்களா?"

"களம் போடோணுமுங்க சாமி. தை மாசியில நாள் பூரா வெயில் உழுகற எடம் இந்தச் சரிவுல இது ஒண்ணுதான். அதுல போயி ஒங்க தாத்தாரு ஊட்டக் கட்டி வெச்சுப்போட்டாரு. இருவது வருசமா மொளகயும் காப்பியயும் ரோட்டுல காயப்போட்டு, போற லாரிக்காரங்கிட்டயெல்லாம் நொம்ப வசவு வாங்கறேன்."

"அப்ப நான் எங்கக்கா இருக்கறது?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"கீழதான் சேலம் இருக்குதுங்களே சாமி."

மேலே உள்ள சிபாரிசுகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஏழு பக்கம். நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். துணி ஒரு பெட்டி, புத்தகம் நான்கு. அத்தையிடம் சொல்லி மொட்டை மாடியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வையுங்கள். எல்லாவற்றையும் காயப்போட வேண்டும்.