ஐந்நூறு ஆசிரியர்கள்

2004 ஜூன் 14 அன்று, சிவகாசியில் பட்டாசு முதலாளிகள் நடத்திய நூலகமொன்றில் 532 ஆசிரியர்களின் புத்தகங்கள் இருந்தன.

பட்டியலைக் கணினியில் ஏற்ற வந்த மதுரைக் கம்பெனி, எந்தப் புத்தகம் யாருடையது என்று சரிபார்க்க ஓர் ஆசிரியருக்கு நாற்பது ரூபாய் கேட்டது. ஐந்நூறு பேருக்கு மேல் தர முடியாது என்றார் செயலாளர் சண்முகவேல்.

"மிச்சம் முப்பத்திரண்டு பேரு புஸ்தகம் என்ன ஆகும், அண்ணாச்சி?" என்றாள் நூலகர் நசிமா.

"எடைக்குப் போடும்மா. நான் எழுதின வியாபார நூலை மட்டும் முதல்ல ஏத்திரு."

மூலையில் கிழிந்த புத்தகங்களைத் தைத்துக்கொண்டிருந்த பைண்டர் பெத்தணனின் ஊசி ஒரு கணம் நின்றது. அச்சகத்தில் ஐம்பது வருடம் எழுத்துக் கோத்தவர் அவர்.

புத்தகத்தை எடைக்குப் போட நசிமாவுக்கு மனம் வரவில்லை. கா. சீனிவாசகம் என்ற பெயர் இரண்டு முறை இருந்தது. வருடம் பார்க்காமல் ஒன்றாக்கினாள். ஒரு பெயர் குறைந்தது.

மறுநாள் சண்முகவேல் பட்டியலோடு ஓடிவந்தார்.

"ஏம்மா, 1890-ல பிறந்தவரு 2001-லயும் புஸ்தகம் போட்டிருக்காரே! நூத்திப்பதினோரு வயசுல! நம்ம ஊருக்காரரு!" அவர் கண் கலங்கிவிட்டது.

நசிமா வாய் திறப்பதற்குள் பாராட்டு விழாவுக்கு நாலு கலரில் இரண்டாயிரம் நோட்டீஸ் அச்சாகிவிட்டது. சிவகாசியில் அதற்கு அரை நாள் போதும்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு சீனிவாசகமே வந்தார். வயது நாற்பது.

"தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது எங்க வழக்கம். அவுக அப்பாவும் காளீஸ்வரன், எங்கப்பாவும் காளீஸ்வரன். தாத்தா போயி நாப்பது வருசமாச்சே!"

சண்முகவேல் நசிமாவை முறைத்தார். "நோட்டீஸ் காசு உன் சம்பளத்துல. அந்த முப்பத்திரண்டு பேரும் இன்னைக்கே எடைக்கு!"

நசிமா இருவர் புத்தகங்களையும் விரித்தாள். "ஆனா அண்ணாச்சி, ரெண்டும் ஒரே ஆளு பேசுற மாதிரி இருக்கு. 'மல்லாங்கிணற்று மழைபோல ஏமாற்றாதே'ன்னு ரெண்டுலயும் இருக்கே?"

சீனிவாசகம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெத்தணன் ஊசியைக் கீழே வைத்தார். "ஒரே ஆளுன்னே போடு தாயி. காலண்டர் சீசன் முடிஞ்சா பிரஸ்ல வேலை இருக்காது. முதலாளிமாரு, கல்யாண வீட்டுல குடுக்கப் புஸ்தகம் கேப்பாக. நான் எழுதிக் கோத்துருவேன். பேரு அவுகளோடது."

நசிமா அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். பருத்தி விவசாயம், வெடியுப்பு, சர்க்கரை வியாதி, இருக்கன்குடி மாரியம்மன் பதிகம். பிறகு பெத்தணனின் பசை காய்ந்த விரல்களைப் பார்த்தாள்.

"எம்புட்டுப் பேருக்கு எழுதினீக?"

"முப்பத்திமூணு. அண்ணாச்சியையும் சேத்து."

முப்பத்துமூன்று பெயர்களும் பெத்தணன் என்ற ஒரே பெயராக, பட்டியல் ஐந்நூறு ஆசிரியர்களோடு முடிந்தது. எடைக்கு எதுவும் போகவில்லை. பெத்தணனைச் சரிபார்க்க நாற்பது ரூபாய் ஆனது.