கூசேன்வில்லில் ஒரு கிணறு

பொய்யே பேசாத தமிழர் ஒருவரை என் வாழ்நாளில் நான் பார்த்திருக்கிறேன். அவரோடு அரை மணி நேரம் இருந்தவர்கள் அதற்குப் பிறகு யாரையும் உண்மை பேசு என்று வற்புறுத்தியதில்லை.

எண்பதுகளின் நடுவில் பாரிஸின் லா சப்பல் பக்கம் அவரை எல்லோரும் மீற்றர் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர், தபால் துறையில் வேலை பார்த்த எனக்கே தெரியாது. யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்குப் பிளான் கீறியவர். பாரிஸில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கோட்டுப் பையில் எப்போதும் ஓர் அளவு நாடா இருக்கும். ரூ பெர்தொனே தெருவில் கடைக்காரர் ஒருவர், இதைவிட நீள முருங்கைக்காய் ஐரோப்பாவிலேயே கிடையாது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். நாடா வெளியே வந்தது.

"முப்பத்தெட்டு சென்ரிமீற்றர். போன கிழமை நீர் வித்தது நாப்பத்தொண்டு. பெரிய கதை கதையாதையும்."

அவர் தங்கியிருந்த அறை ஒன்பது சதுர மீட்டர் என்று தமிழரான வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணை அளந்து பார்த்து, எட்டே முக்கால் என்று திருத்தித் தரச் சொல்லி நேரில் போனார். பேச்சோடு பேச்சாக, உள்ளே ஐந்து பேர் படுக்கிறோம் என்ற உண்மையையும் சொன்னார். அன்று மாலை ஐந்து பேரும் பெட்டியோடு தெருவில் நின்றார்கள்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன். நான் புதுச்சேரிக்காரன். பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருந்தேன். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் முப்பதடித் தோட்டம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். சின்னவள் பிறக்கும் முன்பே நான் கிளம்பி வந்துவிட்டதால் அவளைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மாமனாரோ, இன்னோர் அறை எழும்பாமல் என் மகளை அனுப்ப மாட்டேன் என்று கடிதம் போட்டுவிட்டார். அறைக்கு அனுமதி வேண்டும், அனுமதிக்குப் பிளான் வேண்டும்.

அண்ணை மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்தார். பிளானைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் காட்டப்பட்டுள்ள கிணற்றை நேரில் பார்க்க வருகிற செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வருகிறாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தோட்டத்தில் இருந்தது துணி காயப்போடும் கம்பி ஒன்றுதான். உணவகத்துக்கு ஓடினேன்.

"அண்ணே, கெணறு எங்கேர்ந்துண்ணே வந்துச்சு?"

அண்ணை சோப்புக் கையோடு எட்டிப் பார்த்தார். "இருவது வருசமாக் கீறின கை, தம்பி. எங்கடை ஊரிலை வீடெண்டு கீறினாக் கிணறு தன்பாட்டிலை வந்திடும்."

"சரி, அழிச்சுக் குடுத்துடுங்க."

"கையெழுத்து வைச்ச பிளானை அழிக்கிறதோ? பிறகு நான் பொய்யன் எண்டெல்லோ வரும்!"

"இல்லாத கெணத்தை வரைஞ்சது மட்டும் பொய்யில்லையா?"

அவர் யோசித்தார். அங்கே பிடித்தது எனக்குச் சனி. "ஓம், அதுவும் சரிதான்," என்றார்.

ஞாயிறு காலை மண்வெட்டியோடு வந்து இறங்கினார். தாளைத் திருத்த மாட்டாராம், நிலத்தைத் திருத்துவாராம். நான் கத்தினேன், கெஞ்சினேன், மண்வெட்டியைப் பிடுங்கப் பார்த்தேன். "விலத்தும் தம்பி, செவ்வாய்க்கிழமைக்கு ரெண்டு நாள்தான் கிடக்கு," என்று தோண்டிக்கொண்டே இருந்தார். விட்டம் சரியாக ஒன்றரை மீட்டர். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாகப் பார்த்து, இறந்தது யார் என்று விசாரித்தாள்.

செவ்வாயன்று ஆய்வாளர் வந்தபோது அண்ணை குழிக்குள் மார்பளவில், கழுத்தில் டையோடு நின்றார். "போன்சூர்," என்றார்.

"இதைத் தோண்ட அனுமதி வாங்கினீர்களா?" என்று ஆய்வாளர் என்னைக் கேட்டார். நான் குழியைப் பார்த்தேன். அவர் ஏதோ எழுத ஆரம்பித்தார். போச்சு, அறையும் போச்சு, குடும்பமும் போச்சு என்று நினைத்தேன். எழுதியபடியே, "வீட்டில் குழந்தைகள் உண்டா?" என்று கேட்டார்.

"என்னவாம்?" என்றார் குழிக்குள்ளிருந்து அண்ணை.

"புள்ளைங்க இருக்கான்னு கேக்கறாருண்ணே. பெரியவனுக்கு அஞ்சு, சின்னவளுக்கு மூணு."

அண்ணையின் முகம் மாறிவிட்டது. "அட கடவுளே! மூண்டு வயசுப் பிள்ளை ஓடித் திரியிற வளவோ? இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

கையூன்றி மேலே ஏறினார். கழற்றி வைத்திருந்த கோட்டிலிருந்து பாதி பிளேடு ஒன்றை எடுத்தார். ஆய்வாளர் கையிலிருந்த பிளானை வாங்கி, வாசலில் நின்ற அவர் கார் மேலேயே விரித்து, மை மறையும்வரை கிணற்றைச் சுரண்டினார். பிரெஞ்சில் எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டு, 'பிழை என்னுடையது' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். ஆய்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் தாளில் இருந்ததை அடித்துவிட்டு, 'கிணறு இல்லை' என்று எழுதினார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். "நான் வெட்டின கிடங்கு ஒண்டு கிடக்கெல்லோ, அதையும் எழுதச் சொல்லும்," என்றார் அண்ணை. நான் அவர் காலை மிதித்தேன்.

இருட்டுவதற்குள் தனியாளாகக் குழியை மூடினார். அனுமதி வந்தது, அறை எழும்பியது, ஏப்ரலில் மாமனாரும் மனம் இறங்கினார். விமான நிலையத்திலிருந்து நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது அண்ணை வாசலில் நின்றார். வாங்கோ என்றுகூடச் சொல்லாமல் நேரே தோட்டத்து மூலைக்குப் போய், மூடிய மண்மேல் சப்பாத்துக் காலோடு குதிக்கத் தொடங்கினார். ஐம்பது வயது மனிதர் மூச்சு வாங்க வாங்கக் குதித்தார்.

"இவரு யாருங்க?" என்று என் மனைவி காதோடு கேட்டாள்.

அண்ணை நின்றார், வேர்வையைத் துடைத்தார். "இனி மண் இறங்காது. பிள்ளையைக் கீழை விடும், ஓடட்டும்."

சின்னவளை இறக்கிவிட்டேன். "நம்ம அண்ணன்," என்றேன் மனைவியிடம்.