தடிமன் அண்ணை ஏறின ஒன்பது கடை

யூலை மாத வெயிலிலை மப்ளர் கட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறக்கேக்கை மூக்கைப் பொத்துற மனிசனை ஜேர்மனி முழுக்கத் தேடினாலும் ஒராளைத்தான் பிடிச்சிருப்பியள். அந்த ஒராளோடை ஒரே அறையிலை மூண்டு வருசம் இருக்கவேணும் எண்டு என்ரை தலையிலை எழுதியிருந்தது. அவற்றை உண்மையான பேர் எங்கடை ஹைமிலை, அதுதான் அகதிகள் விடுதியிலை, ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவர் தடிமன் அண்ணை.

பச்சைத்தண்ணி குடிச்சால் தடிமன், சளி, மூக்கடைப்பு. தலையிலை தண்ணி பட்டால் தடிமன். தயிர் எண்ட சொல்லைக் கேட்டாலே தும்முவார். நான் ரெஸ்ரோரன்ற் குசினியிலை வேர்த்து விறுவிறுத்துப்போய் வந்து யன்னலைத் திறந்தால், "தம்பி, என்னைக் கொல்லப் போறீரோ?" எண்டு போர்வைக்குள்ளாலை சத்தம் வரும். அப்ப வாற கோபம் இருக்கே, இண்டைக்கு நினைச்சாலும் வருது.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி, குளிர் விடாத ஒரு சித்திரை மாதம். தெற்கு ஜேர்மனியிலை ஒரு சின்ன ஊர். அந்தச் சின்ன ஊருக்குப் பியர் வடிக்கிற இடம் மட்டும் ஒன்பது. ஒவ்வொண்டுக்கும் முன்னாலை ஒரு பியர்க்கடை. எனக்கு விசா கிடைச்சிட்டுது. மனிசியும் நாலு வயது மகளும் கொழும்பு லொட்ஜிலை பெட்டி கட்டி வைச்சுக்கொண்டு இருக்கினம். ஆனால் திங்கட்கிழமை விசாக் கந்தோரிலை நேரம் குறிச்சுத் தந்த டெர்மினுக்குப் போகேக்கை வீட்டு ஒப்பந்தம் கையிலை இருக்கவேணும். இல்லையெண்டால் எல்லாம் முதலிலையிருந்து. நான் போன் எடுத்தால், என்ரை அரைகுறை டொச் பாசையைக் கேட்ட உடனை வீடு போயிடும். காலமை பேப்பரிலை வந்த வீடு எட்டரைக்கே போயிட்டுதாம்! என்ன அநியாயம்!

மிச்சமிருந்தது ஒரே ஒரு நம்பர். சனிக்கிழமை காலமை, டொச் நல்லாத் தெரிஞ்ச தடிமன் அண்ணையின்ரை கையிலை அதை எழுதின துண்டைக் குடுத்தன்.

"அண்ணை, வீட்டுக்கார அம்மாவோடை கதையுங்கோ. வீடு தருவாவோ எண்டு கேளுங்கோ. நான் வேலைக்குப் போட்டு ரெண்டு மணிக்கு வாறன்."

"ஓம், ஓம். நீர் யோசியாதையும்."

யோசியாதையுமாம்! ரெண்டு மணிக்கு வந்து பார்த்தால் ஆளுமில்லை, துண்டுமில்லை. பக்கத்து அறை மன்னார்க்காரன் சிரிப்பை அடக்கேலாமல் நிண்டான்.

"அண்ணையைப் பியர்க்கடையிலை கண்டனான். தனியக் குடிக்கிறார்."

"எந்தக் கடையிலை?"

"பதினொரு மணிக்குப் பாலத்தடியிலை. பிறகு சந்தைக்குப் பக்கத்திலை. ஆள் ஒரு கடையும் விடமாட்டார் போல கிடக்கு!"

பத்து வருசமா ஜேர்மனியிலை இருந்தும் பியரை மணந்துகூடப் பாராத மனிசன்! என்ரை குடும்பம் அந்தரத்திலை நிக்குது, இவருக்கு இண்டைக்குத்தான் குடிக்கக் கண்டதோ? கண்டால் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேக்கிறதெண்டு வெளிக்கிட்டன்.

பாலத்தடிக் கடையிலை பரிமாறுற பொம்பிளை என்னைக் கண்ட உடனை, "மப்ளர் மனிசன்ரை ஆளோ? பியரைச் சூடாக்கித் தரச்சொல்லி நிண்டவர்!" எண்டா. ரெண்டாவது கடையிலை குவளையை ஹீற்றருக்கு மேலை வைச்சுக் காய்ச்சிப்போட்டுக் குடிச்சாராம். நாலாவது கடையிலை நடந்ததைக் கேட்டால் மானம் போகும். அங்கை ஊர்க் கிழவர்மாருக்கெண்டே ஒரு மேசை. மேலை பித்தளைப் பலகை தொங்கும். வெளியாள் அதிலை இருக்கவே கூடாது. எங்கடையாள் மூத்தவைக்கு மரியாதை குடுக்கிறனெண்டு நேரை அங்கை போய், எல்லாருக்கும் கை குடுத்து, நடுவிலை இருந்து, பியரைச் சூப் மாதிரி ஊதி ஊதிக் குடிச்சாராம். கிழவர்மார் இன்னும் வாயைத் திறந்தபடி இருந்தவை.

ஒன்பதாவது கடை மேட்டிலை. மூச்சு வாங்க ஏறிப் போனால், முகம் செக்கச்செவேலெண்டு, அடுப்புக்குப் பக்கத்திலை ஒரு கிழவியோடை இருக்கிறார்.

"அண்ணை, உங்களுக்கு வெக்கமில்லையோ? நான் மனிசி பிள்ளையைக் கூப்பிடேலாமல் அந்தரிக்கிறன், நீங்கள் ஊரெல்லாம் குடிச்சுத் திரியிறியள்!"

"கத்தாதையும் தம்பி. இவதான் வீட்டுக்கார அம்மா."

காலமை அண்ணை அந்த நம்பருக்குப் போன் எடுத்தாராம். அவவின்ரை மகன், "அம்மா பியர்க்கடையிலை" எண்டு மட்டும் சொல்லி வைச்சிட்டானாம்.

"எந்தக் கடை எண்டு திருப்பி எடுத்துக் கேட்டிருக்கலாமே!"

"ஒருத்தருக்கு ரெண்டுதரம் கரைச்சல் குடுக்கிறதே?"

"சரி, போன இடத்திலை கேட்டுப்போட்டு வந்திருக்கலாமே! ஏன் குடிச்சனீங்கள்?"

"என்ன கதை கதைக்கிறீர்? ஒரு இடத்துக்கு உதவி கேட்டுப் போட்டு, ஒண்டும் வாயிலை வைக்காமல் வந்தால் அவை என்ன நினைப்பினம்?"

"தேத்தண்ணி கேக்கிறதுதானே!"

"பியர் வடிக்கிறவன்ரை வீட்டிலையோ?"

கிழவி இடையிலை புகுந்து ஒரு வெள்ளிக் குழாயைத் தூக்கிக் காட்டினா. உள்ளுக்குச் சுடுதண்ணி விட்டுக் குவளைக்குள்ளை தொங்கவிட்டால் பியர் சூடாகுமாம். "என்ரை அப்பாவின்ரை. அவர் போனபிறகு ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை" எண்டா. கண் கலங்கியிருந்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தா. "கோபக்காரத் தம்பி நீங்கள்தானோ? நல்ல பொடியன் எண்டும் சொன்னவர்."

அண்டைக்கே ஒப்பந்தம் எழுதியாச்சு. தடிமன் அண்ணை ஏற்கெனவே கடைக்கு மேல்மாடியிலை இருந்த அந்த வீட்டை ஏறிப் பார்த்திட்டார். "மூண்டு அறையிலையும் ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தனான். பிள்ளைக்குத் தடிமன் பிடியாது" எண்டார். மேட்டாலை இறங்கேக்கை என்ரை தோளிலை தொங்கிக்கொண்டு தும்மினார். எட்டாவது கடைக்காரன் குளிராத் தந்திட்டானாம். நான் ஹைம் வரைக்கும் ஏசிக்கொண்டே கூட்டிவந்தன். ஒன்பது பியர் குடிச்ச மனிசனுக்கு அதிலை ஒரு சொல்லும் காதிலை ஏறேல்லை.

யூலையிலை மனிசியும் மகளும் வந்திறங்கிச்சினம். கொதிக்கிற வெயில். விமான நிலையத்துக்கு வரவேண்டாம் எண்டு சொல்லியும் ஆள் வந்து நிண்டார். மகளைக் கண்ட உடனை மப்ளரைக் கழட்டி, ரெண்டு சுத்துச் சுத்தி அவளின்ரை கழுத்திலை கட்டிவிட்டார். பிள்ளை வேர்த்து ஒழுகி வீரிட்டுக் கத்துது. நான் கழட்டப் போனால், "விடும் தம்பி, புது ஊர்க் காத்து" எண்டு என்ரை கையைத் தட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்ட வாயைத் திறந்தன். மூண்டு வருசம் ஒரே அறையிலை இருந்தும் நான் ஒருநாளும் காணாத அண்ணையின்ரை வெறும் கழுத்தைக் கண்டன். வாயை மூடிக்கொண்டன்.