நீட்டித்த வாரண்டியும் நின்றுபோன நானும்

வாரண்டி பத்திரத்துக்குச் சூடம் காட்டியவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. (பொய். நிறைய இருக்கிறது.)

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிப்பது என் தொழில். மூன்று வருஷத்துக்கு முன்னால், எங்கள் தெருவிலேயே முதல் ஆளாக எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். கூடவே ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்று ஒரு தடித்த புத்தகத்தையும் வாங்கினேன். “இனிமே நீங்க எதையும் யோசிக்கவே வேண்டாம் சார்” என்றார் விற்றவர். நானும் அன்றோடு யோசிப்பதை நிறுத்திவிட்டேன். புத்தகத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் பூஜை அலமாரியில் வைத்தேன். பெட்ரோல் பங்க்கில் நிற்கிறவர்களைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரிக்கும் பழக்கமும் தொற்றிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி ஜெயந்தியின் தம்பி கார்த்திக்குக் காரியாபட்டியில் பெண் அமைந்தது. நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஜெயந்தி உட்பட சொந்தக்காரர்கள் எல்லாரும் வேனில் கிளம்பிவிட்டார்கள். மாப்பிள்ளை கார்த்தியும் என் மாமனாரும் தாம்பூலத் தட்டுகளும் மட்டும் என் காரில்தான் வரவேண்டும் என்று ஒரு வாரமாக அடம்பிடித்து ஜெயித்திருந்தேன்.

ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்ட கார், காலையில் ‘சார்ஜிங் தோல்வி’ என்றது. பேட்டரியில் பதினாறு சதவீதம்தான்.

“மாப்ள, பேசாம நாமளும் வேன்லயே போயிருக்கலாமோ?” என்றார் மாமனார்.

“விருதுநகர்ல பெரிய சார்ஜர் இருக்கு மாமா. ஒரு காபி குடிக்கிற நேரந்தான். அப்பிடியே ஏதாவதுன்னாலும் வாரண்டி இருக்குல்ல?”

சார்ஜை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்தேன். காற்று காரைப் பின்னால் தள்ளும் என்று எங்கேயோ படித்திருந்ததால் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டேன். பட்டுவேட்டி கட்டிய மூன்று ஆண்கள் விருதுநகர் வரைக்கும் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்துகொண்டே போனோம்.

சார்ஜர் ஒரு ஹோட்டல் வளாகத்தில் இருந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும் அதன் முனையைக் காரில் சொருகினேன். டக்கென்று பூட்டிக்கொண்டது. சார்ஜ் ஏறவில்லை. சரி, கழற்றிவிட்டு மறுபடி சொருகலாம் என்று இழுத்தால், வரவும் இல்லை. நான் இழுத்தேன். கார்த்தி காரில் காலை ஊன்றி இழுத்தான். கடைசியில் மாமனார் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். கார்தான் லேசாக ஆடியது.

வாரண்டி கம்பெனிக்குப் போன் போட்டேன்.

“உங்க பிளான்ல கார்ல இருக்கிற போர்ட்டுக்கு வாரண்டி உண்டு சார். சார்ஜர் கன்னுக்குக் கிடையாது” என்றது ஒரு இனிமையான பெண்குரல்.

“ரெண்டும் ஒட்டிக்கிட்டுல்லங்க நிக்குது?”

“அப்போ பிரச்சினை யார் பக்கம்னு ஆள் வந்து பார்க்கணும் சார். அதுவரைக்கும் வண்டி ஓனர் வண்டி பக்கத்துலயே இருக்கணும். இல்லைன்னா கம்ப்ளெயிண்ட் தானா க்ளோஸ் ஆயிடும்.”

மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். டாக்ஸி எதுவும் கிடைக்கவில்லை. காரியாபட்டிக்கு மிளகாய் வத்தல் மூடை ஏற்றிக்கொண்டிருந்த லோடு ஆட்டோதான் அகப்பட்டது. மாமனார் தட்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினார். மாப்பிள்ளைப் பையன் பட்டுச்சட்டையோடு வத்தல் மூடைமேல் ஏறினான்.

“நான் மட்டும் எப்பிடி மாமா இங்கன இருக்கிறது...” என்று இழுத்தேன்.

“நீங்க வாரண்டியப் பாருங்க மாப்ள” என்றார். அந்தக் குரலில் இருந்த மரியாதைதான் என்னை ரொம்பச் சுட்டது.

அவர்கள் போனதும் வாட்ச்மேன் வந்தார். “இங்கன சாப்பிட வர்றவுக வண்டிக்கு மட்டுந்தான் எடம். சாப்பிட்டீகளா?”

சாப்பிட்டேன். பொங்கல், வடை, பூரி, மத்தியானச் சாப்பாடு, அதற்குமேல் இரண்டு எண்ணெய் பரோட்டா. எப்போதெல்லாம் வாட்ச்மேன் என் பக்கம் திரும்பினாரோ அப்போதெல்லாம் ஏதாவது ஆர்டர் செய்தேன்.

நடுவில் ஜெயந்தி போன் செய்தாள். “தட்டு மாத்தியாச்சு. ஆனா கார்த்தி விடாமத் தும்முறான். கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்து, தண்ணியா ஊத்துது. ‘பையனுக்கு இளைப்பு ஏதும் உண்டா?’ன்னு பொண்ணோட சித்தி கேட்டுட்டாக. தட்டு மாத்துன பெறகும் எந்திரிச்சுப் போயிருவாகளோன்னு பயந்து, அப்பா ஒங்க கார் கதைய மொதல்ல இருந்து சபையில சொல்ல வேண்டியதாப் போச்சு.”

“என்ன சொன்னாக?”

“சிரிச்சாக. ரொம்ப நேரம் சிரிச்சாக.”

மூன்று மணிக்கு மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். டிக்கியைத் திறந்து, உள்ளே மூலையில் தொங்கிய சின்ன வளையத்தை ஒரு இழுப்பு இழுத்தார். கன் கழன்று கையோடு வந்தது.

“புத்தகத்துல படத்தோடவே போட்டிருக்கே சார், பார்க்கலையா?”

நான் வானத்தைப் பார்த்தேன். அவர் டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பார்த்தார்.

“உள்ள என்னமோ மஞ்சளா அப்பியிருக்கே. வெடிமருந்தா?”

“சந்தனம்” என்றேன். “மேல கொஞ்சம் குங்குமமும் இருக்கும்.”

முந்தின வாரம் ஆயுத பூஜையன்று ஊரே சக்கரத்துக்கும் பானெட்டுக்கும் பொட்டு வைத்தது. எனக்குத்தான் புத்தி கூடுதலாயிற்றே. கார் சாப்பிடுகிற வாய்க்கே வைப்போம் என்று குழைத்துத் தாராளமாக வைத்திருந்தேன். அது காய்ந்து, ஊசித்துளைகளை அடைத்து, பூட்டையும் இறுக்கிவிட்டது.

மெக்கானிக் படிவத்தில் ‘வெளிப்பொருள்’ என்று எழுதினார். “இதுக்கு வாரண்டி இல்ல சார்.”

“சாமிக்கு வச்சது எப்பிடிங்க வெளிப்பொருளாகும்? நீங்களே நெத்தி நிறையப் பூசியிருக்கீங்களே!”

“நெத்தியிலதான சார் பூசியிருக்கேன். கண்ணுக்குள்ளயா அப்பியிருக்கேன்?”

இதற்குமேல் வாதாட என்னிடம் பக்கமும் இல்லை, புத்தகமும் இல்லை. காரை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன். புதுப் போர்ட் என் கைக்காசில்தான் வந்தது.

அந்த நிச்சயதார்த்த ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் இல்லை. கார்த்தி எல்லாப் படத்திலும் அழுகிறான். அவன் மனைவி தேன்மொழி, ‘இம்புட்டுப் பாசக்காரரா!’ என்று அன்றைக்கு மயங்கிப்போனாளாம். உண்மை தெரிந்தபோது தட்டு மாற்றியாகிவிட்டது.

இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் மாமனார் வாசலில் நின்று ஜெயந்தியிடம் சத்தமாகக் கேட்கிறார்: “மாப்ளய அவுத்து விட்டாச்சா?”

வாரண்டியை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லிப் போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எடுத்தது ஜெயந்தி.

“ஓனரா? அவரு வண்டி பக்கத்துலயே நிக்கிறாரும்மா. இன்னும் ஒங்க ஆளு வரல” என்று சொல்லி வைத்துவிட்டாள்.