நெவில் தன் வயதை ஒப்புக்கொண்ட கதை

நெவில் ஸ்டாக்டேலுக்கு நான்கு வருடமாக ஐம்பத்தைந்து வயது. புல்தரையில் பந்து உருட்டும் கிளப்பில் ஐம்பத்தைந்து. முடிவெட்டும் கடையில் ஐம்பத்தைந்து. ஒருமுறை மூக்கில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது நர்ஸிடமும் அதேதான். அந்தப் பெண் கணினியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்க, கணினியில் யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று கூசாமல் சொன்னார். தலைமுடியின் கருமை மருந்துக்கடையில் பெட்டியில் கிடைப்பது. மாதம் ஒரு பெட்டி மனைவி கிளெண்டாதான் வாங்கி வருவாள்.

அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று ஒரு ஜூன் மாதத்தில், போகிற வருகிறவர்களிடமெல்லாம் தனக்கு அறுபது ஆகப்போகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ரயில் நிலையத்தில் போய் அறுபது வயதுக்காரர்களுக்கான சலுகை அட்டையைப் பற்றி உரக்க விசாரித்தார். ரயிலில் எங்கும் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

காரணம் இருந்தது. நெவில் வேலை பார்ப்பது துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் ஒரு மீன் தொழிற்சாலையின் குளிர்க்கிடங்கில். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரியில், மண்டி போட்டு உட்கார்ந்து கம்ப்ரஸர் பழுது பார்க்கும் வேலை. நாற்பத்திரண்டு வருடம் மண்டி போட்டதில் இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. பகலெல்லாம் குளிரில் நடுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து முழங்கால் வீக்கத்துக்கு உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். பென்ஷனுக்கு இன்னும் ஏழு வருடம் பாக்கி.

கிறிஸ்துமஸோடு அவருடைய பிரிவின் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி சூடான அறையில் இருக்கிறது, அதற்கு மண்டி போட வேண்டியதில்லை. ஆனால் புதிதாக வரும், சூட்டை ஓரிடத்திலிருந்து இழுத்து இன்னோரிடத்தில் விடும் வெப்பப் பம்புகளைப் பற்றி ஒரு குறுகிய காலப் படிப்பு படித்துச் சான்றிதழ் வைத்திருப்பவருக்குத்தான் நாற்காலி. கல்லூரியில் பத்தே சனிக்கிழமைகள். கட்டணத்துக்கு அரசாங்கமே கடன் கொடுக்கிறது, பிறகு சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் விசாரித்து வந்தவள் கிளெண்டா. வீடுகளுக்கு பாய்லர் மாட்டும் கம்பெனி ஒன்றில் தொலைபேசி எடுக்கிற வேலை அவளுக்கு. கல்லூரியின் அறிவிப்பை ஏப்ரலில் தேநீர்க் கூஜாவுக்கு அடியில் வைத்தாள். மே மாதம் அதை நெவிலின் சாப்பாட்டு டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

நெவில் ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொன்னார். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னக் கணக்கு என்றால் பயம். பதினைந்து வயதில் வாத்தியார் அவருடைய விடைத்தாளை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டியிருக்கிறார். இருபத்தைந்து டிகிரி குளிரிலும் ஒன்றின் கீழ் மூன்று என்று நினைத்தால் நெவிலுக்கு வியர்க்கும்.

வழி காட்டியவர் கிளப் நண்பர் டெரிக். அவருக்கு அறுபத்திரண்டு. அந்தக் கடனுக்கு அவரும் விண்ணப்பித்துப் பார்த்திருந்தார்.

"நமக்கெல்லாம் கிடையாதாம்பா. வகுப்பு ஆரம்பிக்கிற அன்னிக்கு அறுபது முடிஞ்சிருந்தா கதவைச் சாத்திடறாங்க" என்றார் டெரிக். "உனக்கென்ன, ஐம்பத்தஞ்சுதானே. தாராளமாப் போடலாம்."

நெவில் பந்தை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு உண்மையில் அறுபது முடிவது அக்டோபர் மூன்று. வகுப்புகள் இரண்டு பிரிவாக ஆரம்பிக்கின்றன. முதல் பிரிவு செப்டம்பர் முப்பது, இரண்டாவது அக்டோபர் ஏழு. அக்டோபர் ஏழு என்று எழுதிப் போட்டால் கடன் கிடைக்காது. படிக்கவும் வேண்டாம், படிக்க மாட்டேன் என்று சொல்லவும் வேண்டாம். முயற்சி செய்தும் அரசாங்கம் கைவிட்ட உத்தமர் என்று பெயரும் கிடைக்கும்.

அன்றே வீட்டுக்குப் போய், தான் படிக்கப் போவதாக அறிவித்தார். கிளெண்டா அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். உடனே தங்கைக்குப் போன் போட்டு, அவர் காதுபடவே பெருமையடித்தாள். ஆனாலும் நெவில் பின்வாங்கவில்லை.

பொய் சொல்வதில் தான் கெட்டிக்காரர் என்று அவருக்கு நம்பிக்கை. போன குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமை மாலைகளில் கிளெண்டா உடல் இளைக்கும் கிளப்புக்குப் போய்வந்தாள். திரும்பி வந்ததும் பசிக்கிறது என்று சீஸ் போட்டு நாலு ரொட்டி வாட்டித் தின்பாள். ஒரு பவுண்டு எடைகூடக் குறையவில்லை. ஆனாலும் நெவில் தவறாமல் ஒவ்வொரு வியாழனும், கன்னம் வற்றிவிட்டது, இடுப்பு சிறுத்துவிட்டது என்று சொல்லிவந்தார். அவளும் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னாள். பொய்யைப் பூவாகச் சூட்டுவது ஒரு கலை என்று டெரிக்கிடம் விளக்கமும் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விண்ணப்பம் போடக் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். நெவிலின் விரல் ஒன்று பட்டால் மூன்று எழுத்து விழும் என்பதால் கிளெண்டா தட்டினாள்.

"பிறந்த தேதி?"

"அக்டோபர் மூணு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு."

"தெரியும்."

"நல்லாப் பார்த்துப் போடு. அறுபத்து மூணு."

"முப்பத்தி நாலு வருஷமா உன் பொறந்த நாளுக்கு நான்தான் கேக் பண்றேன், நெவில்."

"இருந்தாலும். வயசை மறைச்சா அரசாங்கத்தை ஏமாத்தின மாதிரி ஆயிடும்."

கிளெண்டா அவரை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டாள்.

"அக்டோபர் ஏழு. செப்டம்பர் கடைசி சனிக்கிழமை கிளப்ல மேட்ச் இருக்கு."

"சரி, செல்லம்."

முப்பத்து நான்கு வருடத்தில் கிளெண்டா எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி என்றதில்லை. அங்கேயே நெவில் உஷாராகியிருக்க வேண்டும். அதற்குள் அவள் தேநீர் கேட்க, எழுந்து போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். பால் ஊற்றினார். பிஸ்கட்டும் தேடி எடுத்து வந்தார். திரும்பி வந்தபோது, எல்லாவற்றையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பும்படி கிளெண்டா நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். படித்துப் பார்க்க நெவில் என்ன முட்டாளா? ஒரே அமுக்கு.

பதில் வர நாளாயிற்று. அந்த நாட்களை நெவில் வீணாக்கவில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, மனமொடிந்த முகத்துக்குப் பயிற்சி எடுத்தார். தோள் தொங்க வேண்டும், பெருமூச்சு பாதியில் நிற்க வேண்டும். கிளப்பில் போய், இந்த நாட்டில் அறுபது வயதுக்காரனுக்கு மதிப்பே இல்லை என்று புலம்பினார். அதைக் கேட்டு டெரிக் ஆறுதலாக ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். இதுவரை இவருக்கு ஐம்பத்தைந்து என்று நம்பிக்கொண்டிருந்தவர், அது எப்படி அறுபது ஆயிற்று என்று கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. நெவில் முழங்காலில் பட்டாணிப் பொட்டலத்தோடு சோபாவில் இருந்தார். மனமொடிந்த முகத்தை முதலில் தயாராக மாட்டிக்கொண்டுதான் உறையைப் பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். மாட்டிய முகம் கழற்ற வராமல் அப்படியே நின்றுவிட்டது.

கடன் கிடைத்திருந்தது. வகுப்பு ஆரம்பம் செப்டம்பர் முப்பது. அவருக்கு அறுபது ஆக மூன்று நாள் இருக்கும்போது.

"தேதியை மாத்திட்டே" என்றார்.

"நீ தண்ணி கொதிக்க வெச்சப்போ."

"நான் படிச்சிருந்தா?"

"நீ படிக்க மாட்டே. அதுதானே பிரச்சினை."

நெவில் கடிதத்தை மடியில் வைத்தார். "அந்த வயசு வரம்பு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கில ரத்தம் ஒழுகினப்போகூட ஐம்பத்தஞ்சுன்னு சொன்ன ஆளு, ஒரு மாசமா தெருத்தெருவா அறுபதுன்னு கூவிக்கிட்டுத் திரியறே. என்னவோ இருக்குன்னு நினைச்சேன்."

நியாயமாக அவருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒரு அதிகாரியும் ஒரு வாத்தியாரும் ஒரு துப்பறிவாளரும் சேர்ந்து செய்ய வேண்டியதை இவள் ஒரு கோப்பைத் தேநீர் கொதிக்கிற நேரத்துக்குள் செய்து முடித்திருக்கிறாள் என்று பிரமிப்பாக இருந்தது. அந்தப் பிரமிப்பில் இத்தனை வருடம் அடக்கி வைத்ததும் வெளியே வந்துவிட்டது.

"எனக்குப் பின்னம் வராது, கிளெண்டா. அந்தக் கிளாஸ்ல சின்னப் பசங்க முன்னாடி அசிங்கமாயிடும். எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும்" என்றாள் கிளெண்டா. இந்த முறை குரலில் கேலி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ராத்திரி தூக்கத்துல பின்னக் கணக்கோட சண்டை போடற ஆளோட முப்பத்தி நாலு வருஷம் படுத்திருக்கேன்."

பிறகு எழுந்து மாடிக்குப் போனாள். துண்டுகள் காய வைக்கிற அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்போடு இறங்கி வந்தாள். உள்ளே அவளுடைய கையெழுத்தில் பக்கம் பக்கமாகக் கணக்குகள். வெப்பப் பம்பின் படங்கள், அம்புக்குறிகள், ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு டிக்குகள். கடைசியில் கல்லூரி முத்திரையோடு ஒரு சான்றிதழ். அதில் கிளெண்டா ஸ்டாக்டேல் என்று இருந்தது.

"ஆபீஸ்ல போன் பண்றவங்க வெப்பப் பம்பு பத்திக் கேட்டா, தெரிஞ்சவங்களைக் கூப்பிடறேன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு. நானே தெரிஞ்சவளா ஆயிட்டேன். இதே கடன்தான், இதே விண்ணப்பம்தான். அறுபது விஷயம் அதுல முதல் பக்கத்துலயே இருக்கு."

நெவில் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி இருந்தது. எல்லாம் போன குளிர்காலத்துத் தேதிகள், எல்லாமே வியாழக்கிழமை.

"அப்போ அந்த இளைக்கிற கிளப்?"

"ஒரு நாள்கூடப் போகல" என்றாள் கிளெண்டா. "நான் எவ்வளவு இளைச்சிருக்கேன்னு நீதான் வாராவாரம் சொன்னே. எவ்வளவு மார்க் வாங்கினேன்னு மட்டும் யாரும் கேக்கல. எண்பத்தொண்ணு. இப்ப அந்தப் பட்டாணியைக் கீழ வெச்சிட்டுப் பேனாவை எடு. முதல் பக்கமே பின்னம்தான்."