சாவி வரும்வரை வரவேற்பு

"சாவி எங்க சார்?"

"பள்ளிக் கமிட்டித் தலைவர்கிட்ட இருக்கு."

"தலைவர் எங்க?"

"விருந்தாளியக் கூட்டிட்டு வரக் கீழ்க் கடைவீதிக்குப் போயிருக்காரு. வந்துருவாரு, விடும்மா."

சிர்ஜனா தமாங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மலையூர்ப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை வானத்திலிருந்து விழவில்லை. பெரிய பெண்கள் மத்தியானம் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வராமல், ஒவ்வொருத்தியாகப் படிப்பையே விட்டபோது, அம்மாமார் குழுவின் செயலாளர் என்ற முறையில் அவள்தான் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றை விடாமல் நச்சரித்தாள். அவர்கள் பணம் அனுப்பினார்கள். அம்மாமார் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு ஆற்றிலிருந்து மணல் சுமந்தார்கள். கட்டி முடித்த அன்றைக்கே தலைமையாசிரியர் தீர்கராஜ் சார் ஒரு பூட்டு வாங்கிவந்தார். பிள்ளைகள் போனால் அசிங்கமாகிவிடுமாம். பணம் தந்தவர்கள் வந்து பார்க்கும்வரை பளபளவென்று இருக்க வேண்டுமாம். பிள்ளைகள் பழையபடி மூங்கில் புதருக்கே போனார்கள்.

இன்றுதான் பார்க்க வருகிறார்கள். 'இதை இனிமேல் பூட்டாதீர்கள்' என்று அந்த விருந்தாளி வாயாலேயே ஊரார் முன்னால் சொல்லவைத்துவிட வேண்டும். சிர்ஜனாவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. வெள்ளைக்காரம்மா ஒருத்தி அவசரமாக இறங்கினாள். கூட்டிவரப்போன தலைவரைக் காணோம்.

"வழியில தவறவிட்டிருப்பாரு," என்றார் சார். "மேளத்த அடிங்க."

டிரைவர் நேராக எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டான். அந்த அம்மா சிர்ஜனாவிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி, "இங்கே டாய்லெட் இருக்கிறதா?"

சிர்ஜனாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வரும் மனுஷி. "இருக்கு மேடம். உங்க பணத்துலதான் கட்டினோம்," என்றாள், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

"என் பணமா?"

குழுவின் பொருளாளர் மாயா அக்காவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். "பாரேன், என்ன ஒரு அடக்கம்," என்று மாயா அக்கா முதல் மாலையைப் போட்டாள்.

அடுத்தடுத்து மாலையும் பட்டுத்துண்டும் விழுந்தன, நெற்றியில் குங்குமம் அப்பினார்கள். சாமந்திப்பூ மூக்குவரைக்கும் ஏறிவிட்டது. பூவுக்குள்ளிருந்து அந்த அம்மா என்னவோ சொன்னாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சிர்ஜனா மாயா அக்காவை ஓரமாக இழுத்தாள். "ஸ்கூட்டர எடுத்துட்டுப் போய் தலைவர்கிட்ட சாவிய வாங்கிட்டு வாங்க."

"அதுவரைக்கும் இவங்கள என்ன பண்ணுவ?"

"டீ குடுத்துச் சமாளிக்கிறேன்."

குடுத்தார்கள். போதும் என்று கையை ஆட்டினால் கூச்சப்படுகிறார்கள் என்று இன்னும் ஊற்றுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அந்த அம்மா கையை ஆட்ட ஆட்ட டீ நிறைந்துகொண்டே இருந்தது.

டீ தீர்ந்ததும் சார் மைக்கைப் பிடித்தார். மேடையிலிருந்த ஒவ்வொருத்தர் பெயரையும் பதவியோடு சொல்லி வணங்கினார். மேடைக்கு வராத தலைவரையும் வணங்கினார். பிறகு டாய்லெட்டுக்கு வந்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அந்த அம்மா துள்ளி எழுந்தாள்.

"நிகழ்ச்சி முடிஞ்சதும் மேடம்," என்று சார் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். பேச்சில் டாய்லெட் என்ற வார்த்தையை அவர் இன்னும் பல தடவை சொன்னார். அவளும் ஒவ்வொரு தடவையும் எழுந்தாள். "எவ்வளவு ஆர்வம் பாருங்க," என்றார் மைக்கிலேயே.

மாயா அக்கா வெறுங்கையோடு திரும்பினாள். "வரமாட்டாராம். விருந்தாளியோடதான் வருவேங்கிறாரு. அவங்க வந்தாச்சுன்னு சொன்னா, பொய் சொல்றேன்னு என்னையே திட்டுறாரு."

"சாவி?"

"ரிப்பன் வெட்டும்போதுதான் தருவாராம். இடுப்புல கட்டி வச்சிருக்காரு."

"ஆடவிடுங்க, வேற வழியில்ல," என்றாள் சிர்ஜனா.

மாதல் மேளத்தின் தாளம் கிளம்பியது. அம்மாமார் விருந்தாளியின் இரண்டு கையையும் பிடித்து நடுவில் இழுத்துவிட்டார்கள். முழங்காலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அவள் இருந்த இடத்திலேயே குதித்தாள்.

"நம்ம ஆட்டத்த எங்க கத்துக்கிட்டாங்களோ, என்னமா ஆடுறாங்க," என்றாள் மாயா அக்கா.

சிர்ஜனாவின் கண் அப்போது ஒன்பதாம் வகுப்பு அஸ்மிதாமேல் பட்டது. அவளும் அதே மாதிரி முழங்காலை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களும் அப்படித்தான்.

"ஏண்டி இப்படி நிக்கிறீங்க?"

"இன்னிக்கு யாரும் மூங்கில் பக்கம் போகக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாருக்கா. விருந்தாளி பாத்தா அவமானமாம். காலையிலேர்ந்து அடக்கிட்டிருக்கோம்."

சிர்ஜனா பெண்களைப் பார்த்தாள். ஆட்டத்தைப் பார்த்தாள். பிறகு சமையல் கொட்டகைக்குப் போய் விறகு பிளக்கும் கோடரியை எடுத்துவந்தாள்.

"பூட்டு புதுசும்மா," என்று சார் பின்னாலேயே ஓடிவந்தார்.

"கதவும் புதுசுதான் சார். தள்ளி நில்லுங்க."

கோடரியின் பின்பக்கத்தால் ஓங்கி ஓர் அடி. கொண்டி பெயர்ந்து விழுந்தது. மாலை, பட்டுத்துண்டு, நெற்றிக் குங்குமம் எல்லாவற்றோடும் அந்த அம்மா உள்ளே பாய்ந்தாள். வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு சாந்தம். வாசலில் வரிசை கட்டி நின்ற பெண்களைப் பார்த்தாள், கீழே கிடந்த பூட்டைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. சிர்ஜனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தயவு செய்து இதை இனிமேல் யாரும் பூட்டாதீர்கள்."

சிர்ஜனா மைக்கிலேயே அதை மொழிபெயர்த்தாள். ஊரே கை தட்டியது. சாரும் மைக்கைப் பிடுங்கி, "மேடத்தோட உத்தரவு, இனி இதுக்குப் பூட்டே கிடையாது," என்று சத்தியம் செய்தார். அஸ்மிதா அதற்குள் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அந்த அம்மா எல்லோரையும் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினாள். சார் டிரைவரின் தோளில் கை போட்டார். "வழியில ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லுப்பா. அவங்க சங்கத்துல அடுத்து ஒரு கட்டடம் கேக்கலாம்னு இருக்கோம்."

"எந்தச் சங்கம்?" என்றான் டிரைவர். "அவங்க மலையேற வந்தவங்க சார். டாய்லெட் இருக்கிற இடமாப் பாத்து நிறுத்துன்னாங்க, நிறுத்தினேன்."